ஆள் இல்லை, போகலாம்

சொல்லியாகிவிட்டது, அழுத்தியாகிவிட்டது, வண்டியும் நகர்ந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் அமலோற்பவத்தின் கண்ணில் அந்த ஊதா நிறம் பட்டது. ரோட்டில் காயப்போட்டிருந்த உளுந்துச் செடியின் ஓரத்தில், இடது சக்கரம் ஏறப்போகிற பக்கமாக, ஒரு கைக்குட்டை அகலத்துக்கு ஊதா. பார்த்தாள் என்றுகூட உறுதியாகச் சொல்ல முடியாது, கண்ணில் தூசி விழுவது மாதிரி விழுந்தது, அவ்வளவுதான், அதற்குள் திரை சாம்பல் பூத்து நடுவில் ‘தொடர்பு இல்லை’ என்று எழுத்து வந்து உட்கார்ந்துகொண்டது. மதுரையில், ரிங் ரோட்டை ஒட்டின கண்ணாடிக் கட்டடத்தின் இரண்டாம் மாடியில், ஏசிக்குப் பயந்து சுடிதாருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிற அவளுக்கும், விளாத்திகுளம் ரோட்டில் மாசி வெயிலில் டிரைவர் இல்லாமல் தானே ஓடுகிற சரக்கு வண்டிக்கும் இடையில் இருந்த ஒரே கயிறு அறுந்துவிட்டது. சாப்பிட்ட தயிர்சாதம் நெஞ்சுக்கு ஏறி நின்றது. ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை, ஏதாவது சாக்காக இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சொல்லி முடிப்பதற்குள்ளேயே, சாக்கு ஏது ஊதாவில் என்று இன்னொரு குரல் உள்ளேயிருந்து கேட்டது.

வண்டி நின்றிருக்கும், அதில் சந்தேகமில்லை. கயிறு அறுந்தால் வண்டி தானாகவே வேகத்தைக் குறைத்து, இடது ஓரம் ஒதுங்கி, நாலு விளக்கையும் சிமிட்டிக்கொண்டு நிற்க வேண்டும் என்பது விதி. வேலைக்கு எடுத்தபோது உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்த விதிகள் அத்தனையும் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். அங்கே நடப்பது இங்கே திரைக்கு வந்து சேர ஒரு மூச்சு நேரம் ஆகும், இங்கே கொடுக்கிற உத்தரவு அங்கே போய்ச் சேரவும் அப்படித்தான், அதற்கு மேல் தாமதமானால் உத்தரவே கொடுக்கக் கூடாது. ஒரு ஆள் ஆறு வண்டிக்கு மேல் பார்க்கக் கூடாது. கண்ணைச் சுற்றிக்கொண்டு தூக்கம் வந்தால் வண்டிகளைப் பக்கத்து மேஜைக்கு மாற்றிவிட்டுப் போய் முகம் கழுவிக்கொண்டு வர வேண்டும். சந்தேகம் என்றால், துளி சந்தேகம் என்றாலும், மூடி போட்ட சிவப்புப் பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்தினால் ஆறு வண்டியும் அங்கங்கே நின்றுவிடும், பக்கத்து ஊரிலிருந்து ரோந்து பைக் கிளம்பிவிடும், எதைப் பார்த்து அழுத்தினாய் என்று மேலேயிருந்து கேட்பார்கள். மற்றபடி அவள் வண்டி ஓட்டுகிறவள் இல்லை. இதை யாருக்குச் சொல்லியும் புரியவைக்க முடியவில்லை, நாத்தனார் இன்றைக்கும் ‘எங்க அண்ணன் பெண்டாட்டி கம்ப்யூட்டர்ல லாரி ஓட்டுது’ என்றுதான் தெரு பூராவும் சொல்லிக்கொண்டு திரிகிறாள். வண்டி தானே ஓடும். அதற்குப் புரியாத ஒன்று எதிரே கிடந்தால் நின்றுகொண்டு, டிங் என்று ஒரு சத்தத்தோடு ‘போகலாமா?’ என்று கேட்கும். இவள் பார்க்க வேண்டும், பார்த்ததை வாய்விட்டுச் சொல்ல வேண்டும், பிறகு பச்சையை அழுத்த வேண்டும். நாள் பூராவும் போகலாம் போகலாம் என்று சொல்வதற்கா சம்பளம் தருகிறான் என்று அவள் புருஷன் ஒருதரம் கேலி செய்தான். சொல்வதற்கில்லை, பார்ப்பதற்குத்தான் சம்பளம் என்று வெடுக்கென்று பதில் சொன்னாள். என்ன திமிர் அப்போது.

வாய்விட்டுச் சொல்ல வைத்தது காரணமாகத்தான். கண்ணும் வாயும் கையும் ஒரே வேலையில் சேர்ந்து நின்றால் தப்பு நடக்காது என்பது ஏற்பாடு. முதலில் எல்லாம் அப்படித்தான் நடந்தது, ‘கல் கிடக்கு, பக்கத்துல நாய், ஆள் இல்லை’ என்று ஒவ்வொன்றாகத் தேடித் தேடிச் சொன்னாள். பிறகு அறுப்புக் காலம் வந்தது. தை பிறந்துவிட்டால் கரிசல் பக்கத்தில் ரோடு ரோடாக இருப்பதில்லை. பாசி, உளுந்து, கொள்ளு என்று பிடுங்கிய செடியை அப்படியே தார் ரோட்டில் பரப்பிவிடுவார்கள். பஸ்ஸும் லாரியும் ஏறி ஏறி நெற்று உடைந்து பயறு தனியே கழன்று வரும். மற்ற டிரைவர்கள் வாய்க்கு வந்தபடி ஏசிவிட்டு ஏற்றிக்கொண்டு போவார்கள். இந்த வண்டிக்கு ஏசத் தெரியாது, நிற்கும், கேட்கும். அங்கே இருக்கிற பெண்களுக்கு இது ரொம்பவும் பிடித்துப்போனது, நிற்கிற வண்டியின் சக்கரத்துக்கு நேராகச் செடியை இழுத்துப் போட்டுவிட்டு, போ ராசா என்று கையைக் காட்டிவிட்டு ஒதுங்குவார்கள். இங்கே ஹாலில் அதைப் பார்த்து எல்லோரும் சிரிப்பார்கள். உளுந்துச் செடி, ஆள் இல்லை, போகலாம். மேஜைக்கு மேஜை காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் இதே பாட்டுத்தான். எப்போது நடந்தது என்று தெரியவில்லை, வாய் முந்திக்கொண்டுவிட்டது. டிங் என்றதும் வாய் சொல்லிவிடும், வாய் சொன்னதும் விரல் அழுத்திவிடும், கண் கடைசியில் ஆடி அசைந்து வந்து சேரும். அவளுக்கு இது புதிய வித்தையும் இல்லை. திண்டுக்கல்லில் சின்னப் பிள்ளையாக இருந்தபோது தினம் சாயங்காலம் வீட்டில் ஜெபமாலை, முட்டிபோட்டபடியே தூங்கிவிடுவாள், ஆனால் ஒரு மறுமொழிகூடத் தப்பாது. தூங்கினாலும் எம் மக வாய் ஜெபத்த விடாது என்று அம்மா ஊரெல்லாம் பெருமை பேசினாள். அந்தப் பெருமை இப்போது உறுத்தியது. சற்று முன்னால் ஆள் இல்லை என்று வாய் சொன்னபோது கண் எங்கே இருந்தது? சோற்று டப்பாவில் இருந்தது. மூடி சரியாக விழவில்லை, பைக்குள் தயிர் வடிந்துவிட்டதா என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். தயிர் வடியவில்லை.

ஊதாவில் என்னென்ன இருக்கும்? உரச்சாக்கு வெள்ளை. தார்ப்பாய் நீலம், இல்லாவிட்டால் கறுப்பு. பிளாஸ்டிக் குடம் ஊதாவில் வருமே, கடை வாசலில் பச்சை சிவப்பு ஊதா என்று அடுக்கி வைத்திருப்பானே, குடம்தான், குடிதண்ணீர் கொண்டுவந்த குடமாகத்தான் இருக்கும். நசுங்கினால் நசுங்கட்டும், மாதாவே, அந்த ஊருக்கே குடம் வாங்கிக் கொடுத்துவிடுகிறேன். ஆனால் வெயிலில் குடம் பளபளக்கும், அது பளபளக்கவில்லை. துணிதான். வெயிலுக்குத் தலையில் கட்டின துண்டை அவிழ்த்துப் போட்டிருப்பார்கள். அவிழ்த்துப் போட்ட துண்டு தட்டையாகக் கிடக்கும், அது தட்டையாக இருந்ததா, கொஞ்சம் எழும்பி இருந்ததா? அந்த ஒரு நொடியைத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டுக் கேட்டாள். கூப்பிடக் கூப்பிட அது பெரிதாகிக்கொண்டு வந்தது, முதலில் கைக்குட்டை, அப்புறம் துண்டு, இப்போது ஒரு ஆள் முடங்கிப் படுக்கிற அளவு. பயம்தான் ஊதிப் பெரிதாக்குகிறது என்று புத்திக்குத் தெரிகிறது, வயிற்றுக்குத் தெரியவில்லை. வண்டிக்கு ஆளை அடையாளம் தெரியும். நின்றால் தெரியும், நடந்தால் தெரியும், உட்கார்ந்திருந்தாலும் தெரியும். படுத்திருந்தால்? செடி பாதி மேலே சரிந்து கிடந்தால்? ஆள் சின்ன ஆளாக இருந்தால்? சின்ன ஆள் என்று நினைத்ததும் அவளுடைய நினைப்பு முள்ளில் மாட்டின சேலையாக அங்கேயே நின்றுவிட்டது, இழுக்க இழுக்கக் கிழிந்ததே தவிர நகரவில்லை.

சின்ன ஆளை வேலை செய்கிற இடத்தில் எங்கே போடுவார்கள் என்று அவளுக்குத் தெரியாதா என்ன. இங்கே வருவதற்கு முன்னால் டோல்கேட் கூண்டில் உட்கார்ந்திருந்தவள்தானே. மாமியார் படுத்த படுக்கை, கைப்பிள்ளையை விட்டுவிட்டு வர நாதியில்லை. கம்ப்யூட்டர் வந்த அட்டைப்பெட்டியில் பழைய சேலையை மடித்துப் போட்டு, அனிதாவை அதில் கிடத்தி, மேஜைக்கு அடியில் இரண்டு காலுக்கும் நடுவில் வைத்துக்கொள்வாள். மேனேஜர் தலை தெரிந்தால் மேலே ஒரு சால்வையைப் போட்டு மூடிவிடுவாள். கை சில்லறை கொடுத்துக்கொண்டிருக்கும், கால் கட்டைவிரல் சால்வைக்கு அடியில் போய்ப் பிள்ளையின் வயிறு ஏறி இறங்குகிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டிருக்கும். ஒரு தகரச் சுவருக்கு அந்தப் பக்கம் லாரி லாரியாகப் போய்க்கொண்டிருந்தது. ஒருநாளும் அவள் பயப்படவில்லை. வேறு வழி இல்லாதவர்களுக்குப் பயப்பட நேரம் ஒழிவதில்லை. யாராவது பார்த்திருந்தால் பெட்டியில் ஏதோ பழைய துணி கிடக்கிறது என்றுதான் நினைத்திருப்பார்கள். பழைய துணி கிடக்கு, ஆள் இல்லை, போகலாம். அந்தச் சால்வை என்ன நிறம் என்று மனசு விடாமல் கேட்டது. பழுப்பு. நிச்சயமாகப் பழுப்பு. அதில் ஆறுதல்பட என்ன இருக்கிறது என்று தெரியாமலே, பழுப்பு பழுப்பு என்று உதட்டுக்குள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

டிங். இரண்டாம் வண்டி. எதிரே பாசிப்பயற்றுச் செடி, ரோட்டில் பாதி. அமலோற்பவம் திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனாள். செடி. செடிக்கு அந்தப் பக்கம் ஒரு முறம். முறத்துக்குக் கீழே என்ன? நிழல். நிழலுக்குள் என்ன? கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். செடியைச் செடி என்று நம்ப முடியவில்லை, ஒவ்வொரு கொத்துக்குள்ளும் ஏதோ ஒன்று மூச்சு விட்டுக்கொண்டு படுத்திருக்கிற மாதிரி இருந்தது. சொல்ல வாயைத் திறந்தாள். ‘பாசிச் செடி’ வந்தது. ‘ஆள்’ என்ற இடத்தில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. இத்தனை காலம் சோறு தின்கிற மாதிரி சொல்லிக்கொண்டிருந்த சொல், இப்போது முழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. டிங், ஐந்தாம் வண்டி. டிங், மறுபடி இரண்டாம் வண்டி. ஒழுங்காகப் பார்த்தால் இவ்வளவு நேரம் ஆகிறது. அப்படியென்றால் இதுவரைக்கும் பார்த்ததெல்லாம் என்ன பார்வை? அந்த யோசனையைத் தள்ளிவிட்டு, தொடர்பு அறுந்த நாலாம் வண்டியின் திரையைப் பார்த்தாள். சாம்பல். தொடர்பு இல்லை. காதில் மாட்டியிருந்த கருவியை அழுத்திப் பிடித்துக் கேட்டாள், ஒன்றுமில்லை. அறுந்துபோவதற்கு முன்னால் சத்தம் வந்தது அல்லவா, நெற்று சடசடவென்று உடைகிற சத்தம். அந்தச் சடசடப்புக்கு நடுவில் வேறு ஏதாவது கேட்டதா? கேட்கவில்லை. கேட்டதோ?

“என்னக்கா, ரெண்டாம் வண்டிய இம்புட்டு நேரமா நிப்பாட்டி வச்சிருக்கீங்க?”

நைனார் முகமது. இந்த ஷிப்டுக்கு அவன்தான் லீடர், அவளைவிடப் பத்து வயசு சின்னவன், அதட்டத் தெரியாத பையன். நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றிருந்தான்.

“பாத்துக்கிட்டு இருக்கேன் தம்பி.”

“செடியில பாக்குறதுக்கு என்னக்கா இருக்கு?” என்று சிரித்தவன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினான். “ஒடம்புக்கு முடியலையா? மொகமெல்லாம் வெளுத்துப் போயிருக்கு.”

“நாலாம் வண்டி லைன் போச்சு.”

“அந்த எடத்துல எப்பவும் போறதுதான. டவருக்குக் கரண்டு இருக்காது. செத்த நேரத்துல தானா வந்துரும்.”

“போறதுக்கு முன்னாடி போகலாம் குடுத்தேன்.”

“குடுத்தா என்ன?” என்று குனிந்து எதையோ தட்டினான். அவள் காதுக்குள் அவளுடைய குரலே ஒலித்தது, கணீரென்று, ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் சரியான இடைவெளி விட்டு, பயிற்சியில் சொல்லிக்கொடுத்தபடியே: உளுந்துச் செடி. ஆள் இல்லை. போகலாம். “பாருங்க, எம்புட்டுத் தெளிவா சொல்லியிருக்கீங்க. ஒங்க பக்கம் ஒரு குத்தமும் இல்லக்கா. நாளைக்கு எவன் வந்து கேட்டாலும் இதப் போட்டுக் காட்டிரலாம்.”

“படம்?”

“படம் வண்டியிலதான கெடக்கும். ஷெட்டுக்கு வந்து எடுக்கணும், அதுவும் ஏதாச்சும் ஆனாத்தான் எடுப்பாங்க. ஏன்க்கா, என்னத்தயும் பாத்தீங்களா?”

இப்போது சொல்லிவிடலாம். சொல்வதற்கு இதைவிட நல்ல நேரம் வரப்போவதில்லை. ஊதாவா என்னமோ கண்ணுல பட்டுச்சு தம்பி, நான் ஒழுங்கா பாக்கல.

“இல்ல தம்பி. சும்மாதான் கேட்டேன்.”

“வேணும்னா ரோந்து பைக்க அனுப்பவா? காரணம் மட்டும் என்னான்னு போடணும்.”

“வேண்டாம். வந்துரும்ல.”

அவன் போய்விட்டான். வேண்டாம் என்றா சொன்னாள்? யாரைக் கேட்டு அந்த வாய் சொன்னது? பைக் போயிருந்தால் கொஞ்ச நேரத்தில் தெரிந்துவிடும், உயிர் இருந்தால் காப்பாற்றலாம், உயிர் இருந்தால் என்று நினைக்கிறாயே பாவி, அப்படி ஒன்றும் நடக்கவே இல்லை, ஒரு துணி, ஒரு குடம். சிவப்புப் பொத்தானின் மூடியை மெல்லத் தூக்கினாள். அழுத்தினால் கேட்பார்கள். என்ன பார்த்தாய்? ஊதா. பார்த்தாய் என்றால் ஆள் இல்லை என்று ஏன் சொன்னாய்? சொல்லிவிட்டுத்தான் பார்த்தேன். அதெப்படி, சொல்லிவிட்டு எப்படிப் பார்ப்பாய்? அவ்வளவுதான், அதற்கு மேல் இந்த நாற்காலி இல்லை. வீட்டில் மாசம் பிறந்தால் ஒழுங்காக வருகிற சம்பளம் இது ஒன்றுதான். அனிதா ப்ளஸ் டூ, நர்சிங் நர்சிங் என்று தலைகீழாக நிற்கிறாள். மூடியை விட்டுவிட்டாள், டக்கென்று விழுந்தது. அந்தச் சத்தத்துக்கு ஹாலே திரும்பிப் பார்த்ததாகத் தோன்றியது, நிமிர்ந்து பார்த்தால் ஒருவரும் பார்க்கவில்லை, அவரவர் திரையில் அவரவர் முகம். உளுந்துச் செடி, ஆள் இல்லை, போகலாம். கொள்ளுச் செடி, ஆள் இல்லை, போகலாம். இத்தனை வாய் சொல்கிறதே, இதில் எத்தனை கண் பார்க்கிறது? ஐயோ, நிறுத்துங்கள் என்று கத்த வேண்டும் போல இருந்தது. அந்த வண்டிக்கும்தான் என்ன தெரியும். சக்கரம் ஏறி இறங்கினால் ஒரு குலுக்கல், செடிக்கும் அதே குலுக்கல், மற்றதுக்கும் அதே குலுக்கல். குலுங்கிவிட்டு ஓரமாகப் போய் விளக்கைச் சிமிட்டிக்கொண்டு சமர்த்தாக நிற்கும். காட்டுக்குள் செடி பிடுங்கப் போன தாய் கட்டைத் தூக்கிக்கொண்டு வருவாள். தூரத்திலிருந்தே வண்டி நிற்பதைப் பார்ப்பாள். நடையை எட்டிப் போடுவாள். அதற்கு மேல் நினைக்க முடியாமல் அமலோற்பவம் கண்ணை மூடினாள், மூடினால் ஊதா இன்னும் பளிச்சென்று தெரிந்தது, திறந்துகொண்டாள்.

அப்புறம் அவளுக்கு வந்தது வேறு ஒரு பயம், முதல் பயத்தைவிட மோசமானது. ஒருவேளை நடந்தேவிட்டது என்று வைத்துக்கொண்டால் அவளுக்கு ஒன்றும் ஆகாது. அந்தக் கணீர்க் குரல் அவளைக் காப்பாற்றிவிடும். பெரிய அதிகாரிகள் நாலு பேர் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்பார்கள், கேட்டுவிட்டு, மேற்பார்வையாளர் விதிப்படி பார்த்து, விதிப்படி சொல்லி, விதிப்படிதான் அழுத்தியிருக்கிறார் என்று முடித்துவிடுவார்கள். டவர் மேல் பழி போகும், ரோட்டில் காயப்போட்டவர்கள் மேல் போகும், பெற்றவள் மேல்கூடப் போகும், பிள்ளையை ரோட்டிலா போடுவது என்று இதே ஹாலில் உட்கார்ந்து பேசுவார்கள். இவள் மேல் மட்டும் போகாது. தயிர் டப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தது அவளுக்கும் மாதாவுக்கும் தவிர ஒரு ஈ காக்கைக்குத் தெரியாது. அப்போது வாயைத் திறப்பாளா? சத்தியமாகத் திறப்பேன் என்று மனசு அடித்துச் சொன்னது. அதே மனசுதான் இப்போது நைனாரிடம் வேண்டாம் என்று சொன்னது. அதைப் போய் நம்புகிறாளே. தன்னைக் கண்டே ஒரு மனுஷிக்கு ஈரக்குலை நடுங்கும் என்று அவள் நினைத்ததே இல்லை. தண்ணீர் பாட்டிலைத் தேடினாள், குடித்தால் ஒண்ணுக்கு முட்டும், எழுந்து போக முடியாது, எழுந்துபோன நேரத்தில் திரை வந்துவிட்டால் வேறு யாராவது பார்த்துவிடுவார்கள். தான்தான் பார்க்க வேண்டும். பார்க்கவும் கூடாது. வரட்டும், சீக்கிரம் வரட்டும். வராமலே இருக்கட்டும்.

வந்துவிட்டது. சாம்பல் கலைந்து, கட்டம் கட்டமாக நிறம் சேர்ந்து, நாலாம் வண்டியின் முன்பக்கப் படம் துலங்கியது. வெறும் ரோடு, ஓரத்தில் ஒரு வேம்பு, விளக்குச் சிமிட்டலுக்குத் தக்கபடி மினுங்குகிற தார். முன்பக்கத்தில் என்ன இருக்கிறது, நடந்ததெல்லாம் பின்பக்கத்தில் அல்லவா. பின்பக்கப் படத்தைத் தொட்டாள், விரல் இரண்டு தடவை தப்பிப்போனது. மூன்றாம் தடவை திறந்தது. உளுந்துச் செடி நசுங்கிப் படிந்து கிடந்தது. அதில் சக்கரத் தடம் கோடு போட்ட மாதிரி நேராக ஓடியது. தடத்தை ஒட்டி, ஒரு சாண் இருக்குமோ இருக்காதோ, குவித்து வைத்த செடியின் நிழலில் ஊதாச் சேலைத் துணி விரித்திருந்தது. துணியின் மேல் ஒன்றும் இல்லை. படத்தின் ஓரத்திலிருந்து ஒரு பெண் வந்தாள், இளவயசு, ஆம்பளைச் சட்டை போட்டிருந்தாள், தலையில் துண்டு. இடுப்பில் பிள்ளை. பிள்ளை தூக்கம் கலைந்த சிணுங்கலோடு அவள் தோளில் முகத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தது. கால் ஆடியது. இரண்டு காலும் ஆடியது. அமலோற்பவம் எண்ணிப் பார்த்தாள், இரண்டு கால், இரண்டு கை, ஒரு தலை. அவளுக்கு அழுகை வரவில்லை, விக்கல் வந்தது.

அந்தப் பெண் குனிந்து, நசுங்கின செடியைக் காலால் புரட்டிப் பார்த்தாள். உதிர்ந்த உளுந்தைப் பார்த்து அவள் முகம் மலர்ந்தது. நிமிர்ந்து வண்டியைப் பார்த்து, பின்னால் வா, இன்னும் ஒருதரம் ஏறிவிட்டுப் போ என்று கையால் ஜாடை காட்டினாள். திரையில் டிங் என்றது. தொடர்பு சரியாகிவிட்டது, பாதை தெளிவாக இருக்கிறது, போகலாமா? அமலோற்பவத்தின் கை பச்சைக்குப் போகவில்லை. வண்டியின் ஒலிபெருக்கிப் பொத்தானுக்குப் போனது. கூட்டத்தை விலகச் சொல்வதற்கு மட்டும்தான் அதைப் பயன்படுத்துவார்கள், அதில் பேசுவது எல்லாம் பதிவாகும், ஷிப்டு லீடருக்கும் கேட்கும்.

“அம்மா, புள்ளைக்கு ஒண்ணும் ஆகலையே?”

அந்தப் பெண் சுற்றுமுற்றும் பார்த்தாள். வண்டிக்கு முன்னால் ஓடிவந்து, டிரைவர் இருக்க வேண்டிய இடத்தில் எட்டிப் பார்த்தாள்.

“ஆத்தி, உள்ள ஆளே கெடையாதுன்னாக, பேச்சு வருது! இவளுக்கு என்னங்க, இம்புட்டு நேரம் நல்லாத் தூங்கிக்கிட்டுக் கெடந்தா. ஒங்க வண்டிச் சத்தத்துலதான் முழிச்சா.”

“ரோட்டுல போய்ப் போடலாமாம்மா?”

“நெழலு வேற எங்கன இருக்கு? லாரி வார நேரம் போட மாட்டேன், அவன் குடிச்சிட்டு வருவான், தூங்கிக்கிட்டு வருவான், அவன நம்ப முடியுமா. இந்த வண்டி வார நேரம்னாத்தான் தைரியமாப் போட்டுட்டுப் போவேன்.” அவள் பிள்ளையை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். “இதுக்குன்னு ஒருத்தர் அங்கன ஒக்காந்து கண்ணெடுக்காமப் பாத்துக்கிட்டே இருப்பாகன்னு எங்க பஞ்சாயத்துல வந்து சொன்னாகல்ல. நீங்கதானா அது?”

“அக்கா,” நைனாரின் குரல் காதுக்குள் தணிவாக வந்தது, “புள்ளதான் நல்லா இருக்குல்ல, விடுங்க. எல்லாம் பதிவாகுது. லைன கட் பண்ணிட்டு வண்டிய அனுப்புங்கக்கா.”

நல்ல யோசனைதான். ஒன்றும் நடக்கவில்லை, யாருக்கும் ஒன்றும் தெரியாது, குரல் கணீரென்று பதிவாகி இருக்கிறது. வண்டியை அனுப்பிவிடலாம். நாளைக்கும் இதே நேரத்துக்கு இந்த வண்டி அங்கே போகும். நாளைக்கும் அந்தக் குவியலின் நிழலில் துணியை விரித்து, பிள்ளையைத் தட்டித் தூங்கவைத்துவிட்டு, அந்தப் பெண் தைரியமாகக் காட்டுக்குள் போவாள். அமலோற்பவம் ஒலிபெருக்கிப் பொத்தானிலிருந்து விரலை எடுக்கவில்லை.

“நான்தாம்மா அது,” என்றாள். “ஆனா நான் பாக்கல. பாக்காமத்தான் போகச் சொன்னேன். இனிமே எங்களை நம்பிப் புள்ளைய அங்கன போடாதீங்க.”

ஹாலில் போகலாம் போகலாம் என்ற சத்தம் நின்றுபோயிருந்தது. நைனார் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றான். சொன்னது அங்கே போய்ச் சேர ஒரு மூச்சு நேரம் ஆகும். அதுவரைக்கும் திரையில் அந்தப் பெண் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, என்ன பதில் வரும் என்று சிரித்த முகத்தோடு வண்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.